மூன்று நிமிடத்தில் காசு கேட்பது: ரொறன்ரோ பட்ஜெட் கூட்டத்துக்குப் போகிற எங்கட ஆக்களுக்கு

நான் முதன்முதல் ஸ்காபரோ சிவிக் சென்டருக்கு பட்ஜெட் கூட்டத்தில் கதைக்கப் போனது ஒரு ஜனவரி மாதம். தந்தது மூன்று நிமிடம். நான் 1987இல், வடமராச்சியில் ஷெல் விழுந்த கிழமையில் தொடங்கினேன். பிறகு இந்தியா, பிறகு கனடா, பக்கிங் பக்டரி, பிறகு வருத்தம் என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வருவதுதான் திட்டம். கனடாவில் வந்து இறங்க முதலே நேரம் முடிந்துவிட்டது. தலைவர் மரியாதையாக "நன்றி" என்றார். எதற்குக் காசு கேட்கப் போனேனோ, அந்தச் சொல் என் வாயால் வரவேயில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் கேட்டார்: "என்ன, வடமராச்சிக்கோ காசு கேட்டனீர்?"

அதற்குப் பிறகும் நாலு தரம் போயிருக்கிறேன். இப்போது மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன். போகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் நொந்து போனதால் எழுதி வைக்கிறேன்.

எதற்குக் காசு என்பதை முதலில் சொல்கிறேன். மனநெருக்கடி வந்த வீட்டுக்கு, அதே வருத்தம் வந்து மீண்ட ஆக்களைச் சம்பளம் கொடுத்து அனுப்பத்தான். 2016இல் நாங்கள் வேறொரு நகரத்தில் இருந்தோம். எனக்கு மூன்று நாளாக நித்திரை இல்லை. சுவருக்குள் ஆக்கள் கதைப்பது கேட்டது. இவர் பயந்துபோய் 911க்கு அடித்தார். இரண்டு பொலிஸ்காரர் சப்பாத்தோடு சாமியறை வரைக்கும் வந்தார்கள். கையில் விலங்கு போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாசி மாதம், என் காலில் சப்பாத்து இல்லை. முன்வீட்டுச் சனம் யன்னலால் பார்த்தது. அடித்தார்கள், ஏசினார்கள் என்று சொல்ல மாட்டேன், அது பொய். அவர்களுக்குப் பழக்கியது அந்த வேலை, அதைச் செய்தார்கள்.

ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டார்கள். ஒருத்தி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்துக் கதிரையில் அரை மணித்தியாலம் சும்மா இருந்தாள். எழும்பும்போது, "நானும் முந்தி இந்த வார்ட்டிலை படுத்தனான்" என்று இங்கிலிஸில் சொன்னாள். அவளுக்கு அதுதான் உத்தியோகம். பியர் வேக்கர் என்று பெயர். துண்டுப் பிரசுரங்களில் "சக ஆதரவாளர்" என்று போடுகிறார்கள். நான் "பட்டவர்" என்றுதான் சொல்வேன். பட்டவருக்குத் தெரியும் எப்போது கதைக்கக் கூடாதென்று.

இந்தப் பட்டவர்கள் அரசாங்கக் காசில் சம்பளம் எடுத்துக்கொண்டு, நெருக்கடி நேரத்தில் வீட்டுக்கு வர வேண்டும். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

ரொறன்ரோவில் அதன் ஒரு பங்கு ஏற்கெனவே நடக்கிறது. எங்கட சனத்தில் பாதிப் பேருக்கு அது தெரியாது. 2020இல் மனநெருக்கடியில் இருந்த சிலர் பொலிஸ் வந்த இடத்தில் இறந்துபோன பிறகு, மனநெருக்கடி அழைப்புகளுக்கு ஏன் பொலிஸ் போக வேண்டும் என்று ஊர் முழுக்கக் கேட்டது. 2021இல் நகரசபை ஒரு பரீட்சார்த்தத் திட்டத்துக்கு ஓம் என்றது. 2022 மார்ச்சில் ரொறன்ரோ சமூக நெருக்கடிச் சேவை தொடங்கியது. ஸ்காபரோப் பக்கம் டைபு சமூக சுகாதார நிலையம், நகர மையத்தின் கிழக்கில் கெர்ஸ்ரைன் நெருக்கடி நிலையம். அந்தக் கோடையில் மேலும் இரண்டு இடங்கள் சேர்ந்தன. 2024இல் நகரம் முழுவதற்கும் வந்துவிட்டது. பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்சுக்கு அடுத்த நாலாவது அவசர சேவை என்று நகரசபையே சொல்கிறது. சமூக உதவி இலக்கமான 211க்கு அடிக்கலாம், 911க்கு அடித்தும் கேட்கலாம். 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. வருபவர்களிடம் ஆயுதம் இல்லை.

முதல் வருடக் கணக்கு இரண்டை மட்டும் பாடமாக்கி வையுங்கள்: 6,827 அழைப்புகள் வந்தன; 911இலிருந்து இந்தச் சேவைக்கு வந்த அழைப்புகளில் 78 வீதம் பொலிஸ் இல்லாமலேயே முடிந்தன. இது நகரசபை தானே வெளியிட்ட கணக்கு. அவர்களுடைய இலக்கத்தை அவர்களுக்கே திருப்பிச் சொன்னால் ஒருவரும் தர்க்கம் பண்ண மாட்டார்கள். இதற்கு மேல் இலக்கம் வேண்டாம். என்னோடு வந்த ஒரு தம்பி பதினொரு புள்ளிவிபரம் சொன்னார். கவுன்சிலர் ஒருவர் ரெலிபோனைப் பார்க்கத் தொடங்கியதை நான் பின்வரிசையிலிருந்து கண்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சேவையின் வான் வண்டியில் பட்டவருக்கு ஒரு சீற் இருப்பது வேறு, சேவையைப் பட்டவர்கள் நடத்துவது வேறு. ஆளெடுப்பது யார், வேலை பழக்குவது யார், பிழை வந்தால் திருத்துவது யார் என்று கேட்டால் வித்தியாசம் வெளியே வரும். நாங்கள் கேட்க வேண்டியது இரண்டாவதை. முதலாவதைத் தந்துவிட்டு, இரண்டாவதைத் தந்தாச்சு என்று சொல்லுவார்கள்.

எந்தப் பொக்கற்றில் கை வைப்பது

எங்கட ஆக்கள் பிழை விடுவது இங்கேதான். மத்திய அரசுக்குச் சொல்ல வேண்டியதை நகரசபையில் போய்ச் சொல்லுவோம். 988 என்கிற தற்கொலைத் தடுப்பு இலக்கம் 2023 நவம்பர் 30இல் தொடங்கியது, அது மத்திய அரசின் காசு. ஆஸ்பத்திரி, மனநல அமைப்புகள் எல்லாம் மாகாணத்தின் பொறுப்பு, காசு ஒன்ராறியோ ஹெல்த் வழியாக வரும். சமூக நெருக்கடிச் சேவைக்கு நகரசபை தன் பட்ஜெட்டிலிருந்து போடுகிறது. அதில் உங்கட வீட்டு வரியும் இருக்கிறது. சுகாதாரம் மாகாணத்தின் வேலை, நாங்கள் ஏன் போட வேண்டும் என்று சில கவுன்சிலர்கள் முணுமுணுப்பார்கள். அது நியாயமான முணுமுணுப்புத்தான். அதற்குப் பதில்: "மாகாணத்திடமும் கேட்கிறோம். அது வரும்வரை வான் வண்டியை நிறுத்த ஏலாது."

பழைய கதை ஒன்று உதவும். 1991இல், பொருளாதாரம் விழுந்திருந்த நேரம், வேலை உருவாக்கவென்று ஒதுக்கிய காசிலிருந்து ஒன்ராறியோ அரசாங்கம் பட்டவர்களே நடத்தும் அமைப்புகளுக்குக் கொடுத்தது. சுகாதாரம் என்று கேட்டிருந்தால் எத்தனை வருடம் இழுபட்டிருக்குமோ. வேலைவாய்ப்பு என்றபடியால் வந்தது. அன்று தொடங்கியவற்றில் சில இன்றும் நடக்கின்றன. அதனால் நான் எப்போதும் "சேவை" என்று ஒரு தரம் சொன்னால் "வேலை" என்று இரண்டு தரம் சொல்லுவேன்.

எப்போது

ஜனவரி முற்பகுதியில் பட்ஜெட் வரைவு வெளிவரும். ஒன்றிரண்டு கிழமைக்குள் பொதுமக்கள் கதைக்கும் நாட்கள் வைப்பார்கள், சிற்றி ஹோலிலும் ஸ்காபரோ போன்ற சிவிக் சென்டர்களிலும். பெப்ரவரி 1க்குள் மேயர் தன் பட்ஜெட்டை வைக்க வேண்டும். அதற்குப் பிறகு சபைக்குத் திருத்தம் கொண்டுவர 30 நாள். மேயர் திருத்தத்தை வெட்டலாம், வெட்டியதைத் திரும்ப எடுக்க சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆகவே ஜனவரியில் கதைப்பது கவுன்சிலர்களுக்குப் போல இருந்தாலும், உண்மையில் மேயரின் அலுவலகத்துக்குக் கேட்கத்தான். பெப்ரவரி நடுவில் போய் அழுது பிரயோசனமில்லை.

அதைவிட முக்கியம், ஒக்ரோபர் நவம்பரில் உங்கட கவுன்சிலரின் உதவியாளரோடு பத்து நிமிடம் கதைப்பது. கவுன்சிலரோடு படமெடுக்கத் தேவையில்லை. உதவியாளரின் பெயர் தெரிந்தால் காணும்.

பெயர் கொடுக்க முதல்

பட்ஜெட் குழுவின் செயலாளருக்கு ஈமெயில் எழுதினால் பதிந்துவிடுவார்கள். நேரே போகலாம், வீட்டிலிருந்து வீடியோவிலும் கதைக்கலாம். மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் அந்த ஈமெயிலிலேயே எழுதிக் கேளுங்கள். ஆனால் மொழிபெயர்த்தால் உங்கள் நேரம் பாதியாகிவிடும், தயாரிக்கும்போது அதை மனதில் வைத்திருங்கள். விதிப்படி ஒருவருக்கு ஐந்து நிமிடம். ஆள் கூடினால் குறைப்பார்கள். நான் போன ஒவ்வொரு தடவையும் ஆள் கூடத்தான் இருந்தது.

இனி, ஒருவரும் முன்கூட்டிச் சொல்லாத விசயம். கூட்டம் யூரியூப்பில் நேரடியாகப் போகும், அப்படியே கிடக்கும். உங்கள் பெயர் கூட்டப் பதிவில் ஏறும். எழுதிக் கொடுத்தாலும் அப்படித்தான். நாளைக்கு மகளுக்குக் கலியாணம் பேசும்போது, "தாய்க்கு விசராம், வீடியோ இருக்கு" என்று யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பக்கூடும். எங்கட சனத்தை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லைத்தான். ஆனால் அந்த வட்ஸ்அப் வரும் நாளில் அந்த நியாயம் கைகொடுக்காது. நான் பெயர் கொடுக்க முதல் இவரையும் மகளையும் குசினி மேசையில் இருத்திக் கேட்டேன். மகள் சொன்னாள்: "அம்மா, அதைப் பார்த்திட்டு வராத மாப்பிளை எனக்கும் வேண்டாம்." எல்லா வீட்டிலும் இந்தப் பதில் வராது. வராவிட்டால் உங்கள் கதையைச் சொல்லாதீர்கள். ஒரு அமைப்பின் சார்பில், "நாங்கள் வேலை செய்யும் குடும்பங்கள்" என்று கதைக்கலாம், அதிலும் பெறுமதி குறையாது.

மூன்று நிமிடம்

என் முதல் பிழை எல்லாவற்றையும் சொல்லப் பார்த்தது. இரண்டாவது வருடம் வேறு பிழை: அழுதுவிட்டேன். அழுவதில் பிழை இல்லை, ஆனால் அழுகைக்கும் நேரம் ஓடும். அறை முழுக்க என்மேல் இரக்கப்பட்டது, காசைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இரக்கம் வந்தால் கேள்வி வராது. எந்த இடத்தில் குரல் உடையும் என்று வீட்டிலேயே கண்டுபிடியுங்கள். அந்த வசனத்தை வெட்டுங்கள், அல்லது கடைசிக்குத் தள்ளுங்கள்.

மூன்றாவது வருடம் நான் சொன்னது இது. இங்கிலிஸில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"என் வீட்டுக்கு இரண்டு தரம் ஆக்கள் வந்திருக்கினம். 2016இல் வேறு நகரத்தில், பொலிஸ். சப்பாத்தோடு உள்ளே வந்தார்கள், நான் சப்பாத்து இல்லாமல் வெளியே போனேன். 2023இல் இங்கே ஸ்காபரோவில், என் கணவர் 211க்கு அடித்தார். இரண்டு பேர் சாதாரண உடுப்பில் வந்தார்கள். ஒருத்தி வாசலில் நின்று, சப்பாத்தைக் கழற்றவோ என்று கேட்டாள். நான் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். அந்தக் கேள்வியைக் கேட்டவள் தானும் இந்த வருத்தம் வந்தவள். அவளைப் போல பட்டவர்கள், அதிலும் தமிழ் தெரிந்தவர்கள், ஸ்காபரோவில் இரவு நேரத்தில் வேலை செய்ய வேண்டும். நான் கேட்பது ஆறு பேருக்குச் சம்பளம்."

மிச்சம் முழுவதும் அந்த ஆறு பேரின் கணக்கு. எதிரில் இருந்தவர்களில் மூன்று பேர் எழுதத் தொடங்கினார்கள். சப்பாத்துத்தான் வேலை செய்தது. உங்களுக்கும் ஒரு சப்பாத்து இருக்கும், தேடிப் பாருங்கள். ஒன்று போதும், இரண்டு வைத்தால் இரண்டும் மறந்துபோகும்.

ரெலிபோனில் நேரம் வைத்து, சத்தமாக, நின்றபடி பழகுங்கள். இரண்டு நிமிடம் நாற்பது செக்கனுக்குள் முடிய வேண்டும்.

நீங்கள் முடித்த பிறகு கவுன்சிலர்கள் கேள்வி கேட்கலாம். அந்தப் பதில் உங்கள் மூன்று நிமிடத்தில் சேராது. அதனால்தான் ஒக்ரோபரில் உதவியாளரைப் பிடிக்கச் சொன்னேன். "இதற்கு என்ன செலவாகும் என்று உங்கள் கவுன்சிலர் என்னிடம் கேட்க முடியுமா?" என்று முதல் நாள் ஒரு ஈமெயில் போடுங்கள். கேட்டால், உங்களுக்கு இன்னும் நேரம் கிடைத்த மாதிரி. இது களவு வேலை இல்லை, பெரிய அமைப்புகள் எல்லாம் இப்படித்தான் செய்கின்றன.

ஆறு பேரின் கணக்கு

இதை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். பட்டவரின் வேலையை எல்லோரும் புகழுவார்கள், சம்பளம் என்றதும் "தொண்டர்" என்பார்கள். என்னை ஒரு அமைப்பு மூன்று மணித்தியாலம் தங்கள் ஊழியர்களுக்குக் கதைக்கக் கூப்பிட்டு, 25 டொலர் கோப்பிக் கார்ட் ஒன்று தந்தது. அதே அறையில் அதே வேலைக்கு வந்த ஆலோசகர் இன்வொயிஸ் அனுப்பினார். எனக்குக் கோப்பி ஒத்துவராது என்பது வேறு கதை.

என் கணக்கு: ஆறு பேர், ஆளுக்குக் கிழமைக்கு 8 மணித்தியாலம், மணிக்கு 28 டொலர். வருடத்துக்கு 69,888 டொலர். அதற்கு மேல் சிபிபி (ஓய்வூதியம்), ஈஐ (வேலையிழப்புக் காப்புறுதி), விடுமுறைக் காசு. பிறகு மேற்பார்வைக்கும், கடினமான இரவுக்குப் பிறகு இருந்து கதைக்கும் நேரத்துக்கும் காசு. இந்தக் கடைசி இரண்டையும்தான் முதலில் வெட்டச் சொல்வார்கள். விடாதீர்கள். அது இல்லாமல் பட்டவரை அனுப்பினால் ஆறு மாதத்தில் அவரே 211க்கு அடிப்பார்.

ஏன் 8 மணித்தியாலம்? பட்டவர்களில் கனபேர் ஓடிஎஸ்பி, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு மாகாணம் கொடுக்கும் உதவிக் காசு, எடுப்பவர்கள். 2023 பெப்ரவரியிலிருந்து மாதம் 1,000 டொலர் வரை உழைத்தால் கை வைக்க மாட்டார்கள், அதற்கு மேல் ஒவ்வொரு டொலரிலும் 75 சதத்தைக் கழிப்பார்கள். கிழமைக்கு 8 மணித்தியாலம் என்றால் சராசரி மாதம் 970 டொலர். இரண்டு கிழமைக்கொரு முறை சம்பளம் கொடுத்தால், மூன்று சம்பளம் விழும் மாதத்தில் எகிறும். அதை ஆளிடம் முதலே சொல்லி வையுங்கள். முழுநேர வேலை கேட்பவர்களுக்கு முழுநேரம் கேளுங்கள். எல்லோரையும் எட்டுக்குள் அடைப்பதும் பிழை.

இந்த வேலைக்குச் சேரப் பொலிஸ் அறிக்கை கேட்பார்களே என்று பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். "என்னை விலங்கு போட்டுக் கொண்டுபோனது அதில் வருமோ?" முந்தி வந்திருக்கலாம். ஒன்ராறியோவில் 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, மனநலக் காரணத்துக்காகப் பொலிஸ் உங்களைத் தொட்ட விசயத்தை அந்த அறிக்கையில் போட முடியாது. நான் இதை அறியாமல் இரண்டு வருடம் விண்ணப்பிக்காமல் இருந்தேன்.

பட்ஜெட் வரும்வரை பொறுக்க ஏலாத சின்னக் குழுக்களுக்கு மாகாணத்தின் ரில்லியம் அறக்கட்டளை இருக்கிறது. அதன் சீட் கிராண்ட் என்ற ஆரம்ப மானியம் 10,000இலிருந்து 100,000 டொலர் வரை, ஒரு வருடத்துக்குள் முடியும் வேலைக்கு. பதிவில்லாத குழு என்றால் பதிவுள்ள அமைப்பொன்றோடு சேர்ந்துதான் கேட்க வேண்டும். அப்படிச் சேரும்போது ஒரு தாளில் எழுதி ஒப்பமிடுங்கள்: ஆளெடுப்பது யார், நிர்வாகச் செலவென்று எத்தனை வீதம் எடுப்பார்கள், குழு பிரிந்தால் கொம்பியூட்டர் யாருக்கு. சொந்தக்காரர் நடத்தும் அமைப்பென்றால் இரண்டு தரம் எழுதுங்கள்.

கதைத்த அடுத்த நாள் காலையில், நீங்கள் சொன்னதையும் அந்த ஒரு பக்கக் கணக்கையும் எல்லாக் குழு உறுப்பினருக்கும் அனுப்புங்கள். எனக்கு ஒருவரிடமிருந்து மட்டும் பதில் வந்தது. ஒரே ஒரு வரி: "இரவு என்றால் எத்தனை மணியிலிருந்து?" நான் எழுதினேன்: "இரவு பத்திலிருந்து விடிய ஆறு மணி. என் வீட்டுக்கு இரண்டு தரமும் ஆக்கள் வந்தது அதற்குள்தான்."

அந்தத் தாளின் ஒரு பிரதி இப்போதும் எங்கள் பிரிட்ஜ் கதவில் காந்தத்துக்குக் கீழே கிடக்கிறது. வருகிற ஜனவரிக்கு மணித்தியாலச் சம்பளத்தை மட்டும் மாற்ற வேண்டும்.